கூரை நடுவே இரண்டு விரல் இடைவெளி

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். டிங்கர் காதர் பாய் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றாமலே ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, "சார், நம்ம மேரியம்மா போயிடுச்சு" என்றார். நான் ஒரு வேனின் பின்கதவை வரைந்துகொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமலே, "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். காதர் பாய் வாசலிலேயே நின்றார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்த பிறகும் விஷயம் விளங்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. மஞ்சள் காமாலையாம். மூன்று வாரம் படுக்கையில் இருந்தாராம். அடக்கமும் முந்தாநாளே ஆகிவிட்டதாம். "யாரும் நமக்குச் சொல்லல சார், நானே மீன் மார்க்கெட்ல கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறுபடியும் பின்கதவை வரைய ஆரம்பித்தேன். கீல் வரவேண்டிய பக்கத்தில் பூட்டு போட்டிருந்ததை மத்தியானம்தான் கவனித்தேன்.

நம் தொழிலாளர் மன்றத்தின் ஆயுத பூஜை மலருக்கு லூர்துமேரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "கடைசியா அவங்களோட நெருங்கி வேலை பார்த்தவர் நீங்கதானே" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். நற்குணங்களை வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொறுமைசாலி, கடமை தவறாதவர், அதிர்ந்து பேசாதவர் என்று மூன்று வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அவரைப் புரியவே இல்லை. இரண்டு வருஷமாகப் புரியவில்லை, இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதனால் புரியாததைப் புரியாதபடியே எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, மன்றம் மன்னிக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. லூர்துமேரி பாலக்கரையைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து, மேரி பள்ளியில் படிக்கும்போதே காலமானவர். வீட்டில் அம்மாவும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பி சேவியரும். நம் பட்டறையில் மேரி ஆறு வருஷம் டிரேசர். நான் பென்சிலால் வரைந்த பஸ் படத்தின் மேல் மெழுகுத்துணியை விரித்து, அதே கோடுகளை மசியில் இழுப்பது அவர் வேலை. ஆறு வருஷம் என் கோட்டின் மேலேயே அவர் கோடு போனது. நான் அளவைத் தப்பாகப் போட்டிருந்தால் வந்து சொல்லமாட்டார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். நான் திருத்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அது தப்பு என்று அவரும் சொன்னதில்லை, நானும் ஒப்புக்கொண்டதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

எண்பத்தேழில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. துருப்பிடித்து உதிர்கிற பழைய கார்களுக்கு ஃபைபர் கிளாஸில் புது உடம்பு செய்து மாட்டலாம் என்று பெங்களூரிலிருந்து யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பஸ் உடம்பு பெட்டி மாதிரி, காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார். கார் உடம்பில் நேர்க்கோடே கிடையாது. அதற்காக மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. காரைக் கம்ப்யூட்டருக்குள் வரைந்துவிட்டால், ஆறு அங்குலத்துக்கு ஒரு குறுக்குவெட்டாகப் படம் எடுத்து, பிளைவுட்டில் அறுத்து, அச்சு செய்துவிடலாம் என்பது திட்டம். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "மெஷின் ஒண்ணுதான். இனிமே மெழுகுத்துணி வேலை, டிராயிங் டேபிள் வேலை எதுவும் கிடையாது. பொங்கல் வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. பொங்கலுக்கு அப்புறம் ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும். யாருக்குக் கை வருதோ அவங்க இருங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். அவர் ஒளிவுமறைவில்லாத மனிதர். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. இரண்டு பெண் குழந்தைகள். கையால் படம் வரைவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, அந்த வயதில் வேறு பட்டறையில் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். மேரிக்கு இருபத்தொன்பது. அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. அறையை விட்டு வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்று, "சார், டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நானாயிருந்தால் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். தூக்கித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷினோடு வந்த பையில் டெலிபோன் டைரக்டரி கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. மெட்ராஸ் ஆசாமி இரண்டு நாள் இருந்து, சதுரம், வட்டம், சதுரத்துக்குள் வட்டம் எல்லாம் போட்டுக் காட்டிவிட்டு ராக்ஃபோர்ட் ரயிலைப் பிடித்தார். கார் எப்படிப் போடுவது என்று கேட்டதற்கு, "எல்லாம் இதே கோடுதான் சார்" என்றார். மூன்றாம் நாள் நான் உட்கார்ந்தேன். மேலிருந்து பார்த்தால் பானெட்டின் ஓரம் எப்படி வளையுமோ, அப்படி அழகாக ஒரு வளைவு போட்டேன். பிறகு பின்பக்க வளைவு, மட்கார்டு. எனக்கே பெருமையாக இருந்தது. மேரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து, "பக்கவாட்டிலிருந்து பார்க்க இந்தப் பித்தானாம் சார்" என்று அழுத்தினார். திரையில் ஒரே ஒரு படுக்கைக் கோடு மட்டும் இருந்தது. என் பானெட், மட்கார்டு, டிக்கி எல்லாம் ரோடு ரோலர் ஏறிய மாதிரி தரையில் படுத்துக் கிடந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் என்று மூன்றாவதாக ஓர் எண் கொடுக்க வேண்டுமாம். நான் மெஷின் கோளாறு என்று சொன்னேன். மேரி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் வந்துடுச்சு சார், கார்தான் இன்னும் வரல" என்றார். பட்டறை முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்த சண்டை பூஜ்யத்தைப் பற்றி. எல்லா அளவும் ஓரிடத்திலிருந்து தொடங்க வேண்டும். காரில் அந்த இடம் எது? காரின் மூக்கு நுனி என்றேன் நான், பஸ்ஸுக்கு அப்படித்தான். மேரி ஒத்துக்கொள்ளவில்லை. "மூக்கு ஒவ்வொரு காருக்கும் அடிபட்டு ஒவ்வொரு மாதிரி இருக்கும் சார். முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல, கீழ தரையில வைக்கலாம். சக்கரம் எங்கயும் போகாது." அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். மறுநாள் நானே ஏதோ யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி, "தரையிலயே வச்சுக்கலாம்" என்றேன். அவர் "சரி சார்" என்றார்.

காரை அளப்பது என் பொறுப்பு. முதலாளியின் பழைய காரையே பின்கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினோம். சக்கரங்களுக்கு நடுவே தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தேன், அதுதான் காரின் நடு. பிறகு காரின் உடம்பில் ஒவ்வொரு புள்ளியிலும் தூக்குக்குண்டின் நூலைப் பிடித்து, குண்டு தரையைத் தொடும் இடத்திலிருந்து நடுக்கோடு வரை அகலம், நூலின் நீளம் உயரம் என்று எழுதிக்கொண்டேன். கூரை, பானெட் மாதிரிக் குண்டு இறங்க முடியாத இடங்களில், ஓரத்தைக் குண்டால் அளந்து, அங்கிருந்து நடுவரை டேப்பை வைத்தேன். இடது பாதியை மட்டும் அளந்தால் போதும், வலது பாதியைக் கண்ணாடி மாதிரி மெஷினே திருப்பிப் போட்டுக்கொள்ளும் என்று புத்தகம் சொன்னது. நான் படித்துச் சொல்ல, மேரி தட்டினார். நீளம், அகலம், உயரம், அடுத்தது. ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள். தீபாவளி அதிலேயே வந்து போயிற்று.

ஒரு நாள் நான் தட்டுகிறேன் என்று காலையிலிருந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போயிற்று. திரும்பி வந்ததும் பார்த்தால் என் நூற்றெழுபது புள்ளிகளையும் காணோம். நான் டிஸ்க்கில் ஏற்றவே இல்லை. மேரி ஒவ்வொரு குறுக்குவெட்டு முடிந்ததும் ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அது பயந்த சுபாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து, "நீங்க மட்டும் படிங்க சார், நான் போடுறேன்" என்று சாயங்காலத்துக்குள் நூற்றெழுபதையும் மறுபடி போட்டுக் கொடுத்தார். யாருக்குக் கை வருகிறது என்று பார்க்கத்தானே அந்த மூன்று மாதமும்? என் கை நழுவுவதை அவர் ஏன் முதலாளிக்குத் தெரியாமல் மறைத்தார்? பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகும்போது இதையே யோசித்தேன். காவிரிப் பாலம் தாண்டியதும் அம்மா மண்டபத்தில் இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மார்கழி பிறந்த வாரம் புள்ளிகள் முடிந்தன. குறுக்கே வளையங்கள், நெடுக்கே கம்பிகள் என்று திரையில் கூண்டு எழும்பியது. அதன்மேல் வலை போர்த்தினோம். இடது பாதி, பார்க்கப் பார்க்கக் கார். காதர் பாய் வந்து பார்த்துவிட்டு, "சுபானல்லா" என்றார். பிறகு மேரி வலது பாதியைத் திருப்பிப் போட்டார். இரண்டு பாதியும் சேரவில்லை. கூரையின் நடுவில் உச்சி எடுத்த மாதிரி இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. பானெட்டிலும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. கார் ஒரு பலாச்சுளை மாதிரி நெடுக விரிந்திருந்தது. நாங்கள் திரையைப் பார்த்தோம், புத்தகத்தைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம். திருப்பிப் போடும் கட்டளையை மாற்றி மாற்றி நாலு நாள் முயன்றோம். இரண்டு பாதியையும் பிடித்து இழுத்து ஒட்டினால் கூரை ஒட்டியது, ஆனால் பம்பர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டோம். "எல்லாம் கொடுத்த அளவுதான் சார்" என்றார் அந்த ஆசாமி.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி வந்து திரையைப் பார்த்தார். "என்னங்க இது, நடுவுல வகிடு எடுத்திருக்கு?" என்றார். அவர் கேட்டது என்னை. அளவு எடுத்தது நான். என் அளவில் தப்பிருக்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றவில்லை, ஆனால் மேரி தட்டியதில் தப்பு என்றும் எனக்குத் தெரியாது. வாய் மட்டும் முந்திக்கொண்டது. "டைப்பிங்ல எங்கயோ தவறியிருக்கு சார். ஆயிரம் நம்பர் இல்லையா" என்றேன். முதலாளி மேரியிடம், "பார்த்துப் போடும்மா, அவர் கஷ்டப்பட்டு அளந்திருக்கார்" என்றார். மேரி, "பார்க்கிறேன் சார்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

திங்கள், செவ்வாய், புதன். ஓர் எண்கூடத் தப்பில்லை. வியாழக்கிழமை காலை அவர் ஒரு தாளில் எதையோ வரிசையாக எழுதி என்னிடம் காட்டினார். "சார், கூரையில இடைவெளி அதிகம். பானெட்ல கம்மி. பம்பர்ல ஒண்ணுமே இல்ல. உசரம் ஏற ஏறப் பிரியுது, அதுவும் ஒரே கணக்குல பிரியுது. நான் தப்பாத் தட்டியிருந்தா இப்படி ஒழுங்கா தப்பு வருமா?" எனக்குப் புரியவில்லை. புரிந்தமாதிரித் தலையாட்டினேன். "வாங்களேன்" என்று பின்கொட்டகைக்கு அழைத்துப் போனார். காதர் பாய் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வாங்கி, காருக்குப் பக்கத்தில் தரைமேல் நிமிர்த்தி வைத்தார். அதன் மேல்நுனியிலிருந்து என் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூலும் மட்டமும் மேலே சேர்ந்திருந்தன. கீழே பிரிந்திருந்தன.

"சார், இது களம்தானே?" என்றார்.

நண்பர்களே, பின்கொட்டகை முன்னாளில் ரைஸ் மில்லாக இருந்தபோது நெல் காயவைத்த களம் என்பது நம் பட்டறையில் யாருக்குத் தெரியாது? அதன்மேல் தகரம் போட்டுத்தான் கொட்டகை ஆக்கினார்கள். மழைத் தண்ணீர் நிற்காமல் வழிய வேண்டும் என்று களத்தை ஒருபக்கம் வாட்டமாகத்தான் போடுவார்கள். கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. குண்டு செங்குத்தாக இறங்கியிருக்கிறது. உயரமான புள்ளி அதிகமாகவும், தாழ்ந்த புள்ளி கொஞ்சமாகவும் தரையில் வெளியே தள்ளி விழுந்து அகலத்தைக் கூட்டியிருக்கிறது. பதினெட்டு வருஷம் அந்தத் தரையில் நடந்தவன் நான். மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அளக்கும்போது அது ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்காத இன்னொரு விஷயம்.

தப்பு என்னுடையது. டைப்பிங் என்று நான் சொன்னது வெறும் பழி. மேரி நூலைச் சுற்றிக்கொண்டே, "மறுபடி அளக்க வேண்டாம் சார். உசரத்துக்குத் தகுந்த மாதிரி அகலத்துல கழிச்சா போதும், எவ்வளவுன்னு நான் கணக்குப் போட்டுட்டேன்" என்றார். பிறகு, "முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டார்.

"நானே சொல்லிடறேன்" என்றேன்.

"சரி சார்" என்றார்.

சாயங்காலம் முதலாளி வந்தார். தரை வாட்டம், அதனால்தான் இடைவெளி என்று சொன்னேன். அவர் குனிந்து மூலைமட்டத்தையும் நூலையும் பார்த்தார், நிமிர்ந்தார், என் தோளில் தட்டினார். "அட, இதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான், "டைப்பிங்ல தப்பு இல்லைன்னு ஆனதும் சந்தேகம் வந்துது சார். மூலைமட்டத்தை வச்சுப் பார்த்தேன்" என்றேன். மேரி என் பின்னால் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முதலாளி அவரிடம், "பார்த்தியாம்மா, அனுபவம்னா இதுதான்" என்றார். மேரி, "ஆமா சார்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. கசப்பு இல்லை, சிரிப்பு இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியாது.

அடுத்த பத்து நாளில் மேரி எல்லா அளவுகளையும் திருத்திப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூரை மூடிக்கொண்டது. பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார், நான் இருந்தேன், மேரி போனார். கிளம்புகிற அன்று என் மேஜைக்கு வந்து, டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, மேலே பெயர் எழுதிக் கொடுத்தார். "கதவு மட்டும் பார்த்துக்குங்க சார், கீல் பக்கம் நான் இன்னும் சரியாப் போடல" என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரா? இரண்டு நிமிஷம் நின்றார் என்பது நினைவிருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால்கூட நின்றிருக்கலாம்.

பிறகு அவரை ஒரே தடவைதான் பார்த்தேன். போன வருஷம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். இளைத்திருந்தார். நான் வேறு பேச்சு எடுப்பதற்குள், "சார், கண்ணாடி உக்காந்துச்சா?" என்று கேட்டார். முன் கண்ணாடியைத்தான் கேட்கிறார். அச்சிலிருந்து வந்த முதல் உடம்பில் பழைய காரின் முன் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம், அது ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. கதவுகளும் உட்கார்ந்தன. சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "நெஜமாவா சார்? நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் கள்ளமே இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். என் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அடுத்த பஸ் பத்து நிமிஷத்தில் வரும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காதர் பாய் சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். பூசை முடிந்து அப்போதுதான் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். தம்பி சேவியர் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, பட்டறையில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும், "ராகவன் சாரா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மாவிடம் திரும்பி, "அம்மா, அக்கா சொல்லும்ல, களத்தைக் கண்டுபிடிச்ச சார்னு. அவங்கதான்மா" என்றார்.

காபித் தம்ளரைக் கீழே வைத்தேன். தன் வீட்டில்கூடவா? சொந்தத் தம்பியிடம், அம்மாவிடம்? வேலை போய் வீட்டுக்கு வந்தவர், யாரால் போயிற்று என்று சொல்லாமல், என்னைப் புகழ்ந்தா சொல்லியிருக்கிறார்? எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "அதைச் சொல்றப்போ சிரிப்பாங்களா தம்பி?" என்றேன். சேவியர் குழம்பிப்போய், "அக்கா எதைச் சொன்னாலும் சிரிச்சுட்டுத்தான் சார் சொல்லும்" என்றார். அப்புறம் அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும், பொங்கலுக்கு அடுத்த வாரமே மனசு தாங்காமல் சொல்லியிருந்தேன். கால் அலம்பிக்கொண்டு உள்ளே வந்ததும், "அவா கிட்ட சொன்னேளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பின்னே எதுக்குப் போனேள்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "மன்றத்துல எழுதச் சொல்லியிருக்கான்னேளே, அதுலயாவது எழுதுங்கோ" என்றாள்.

எழுதிவிட்டேன். பின்கொட்டகைத் தரை வாட்டமாக இருப்பதால்தான் காரின் இரண்டு பாதியும் சேரவில்லை என்று கண்டுபிடித்தவர் லூர்துமேரி. கூரையை மூடியவரும் அவர்தான். தப்பாக அளந்தது நான், அந்தப் பழியை அவர்மேல் போட்டதும் நான். மலரின் முதல் பிரதி முதலாளிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவர் எழுத்துவிடாமல் படிப்பவர் என்பதும் தெரியும். படித்துவிட்டு என்ன செய்வார் என்று தெரியவில்லை. மேரி என்னை மன்னித்துவிட்டாரா, மறந்துவிட்டாரா, இல்லை இரண்டு வருஷமும் நான் வாய் திறப்பேன் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதும் தெரியவில்லை. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

இந்த மாதிரிக் கட்டுரையின் கடைசியில், போனவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறவர் சொல்ல வேண்டும். அவர் நினைவாக வைத்துக்கொள்ள அவர் வீட்டில் நான் எதையும் கேட்டு வாங்கி வரவில்லை. என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர் அறையில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலிதான். இதையும் அதில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன்.